ஜப்பான் சொசைட்டி கமிட்டித் தேர்தலில் நிற்கலாமா? எந்தப் பதவிக்கு?

வாசகி கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். நான்கு வருடப் படிப்பு, இப்போது இரண்டாம் ஆண்டு. வந்த முதல் வாரமே இங்குள்ள ஜப்பான் சொசைட்டி என்ற மாணவர் குழுவில் சேர்ந்துவிட்டேன். மார்ச் நடுவில் புதிய கமிட்டிக்குத் தேர்தல். தலைவர் பதவிக்கு நிற்பதா, நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதவிக்கு நிற்பதா என்று குழப்பம். நான் ஜப்பானியப் பெண்ணும் இல்லை, ஜப்பானிய மொழியைப் பட்டப்படிப்பாகப் படிப்பவளும் இல்லை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்க நிலையான என்5 மட்டும் முடித்திருக்கிறேன். எங்கள் குழு வெறும் அனிமே பார்க்கும் கூட்டமாகிவிட்டது, ஷோடோ என்ற தூரிகை எழுத்துக்கலை, தேநீர்ச் சடங்கு என்று உண்மையான கலாசாரத்தைக் கொண்டுவருவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கலாமா? பேச்சைத் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள உறவில் தொடங்க நினைக்கிறேன். என் உச்சரிப்பை நினைத்தால்தான் பயம். நிகழ்ச்சிப் பொறுப்புக்கு என் நெருங்கிய தோழியும் நிற்கிறாள். போன மாதம் ஒகோனோமியாகி என்ற ஜப்பானிய அடை சமைத்த இரவில் காசு வசூலித்ததும், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் எடுத்ததும், தாஷிப் பொடியில் மீன் இருப்பதால் சைவக்காரர்களுக்குத் தனியாக மாவு கரைத்ததும் நான்தான். இதெல்லாம் ஒரு தகுதியாகுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆகும். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான், அதை நீங்கள் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் மாணவர் யூனியன் சொசைட்டிகளின் கமிட்டிகளுக்கு வழிகாட்டுவது என் வேலை. தேர்தலில் நிற்பவர்கள் எழுதும் அறிக்கைகள் நிறைய என் கைக்கு வரும். "ஜப்பான் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று எல்லோருமே எழுதுவார்கள். தாஷியில் மீன் இருப்பதை யோசித்து இன்னொரு பாத்திரத்தில் மாவு கரைத்தவர் அபூர்வம். கோதுமை, முட்டை, மீன், சோயா என்று பிரிட்டன் சட்டம் பட்டியலிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் பல, ஒரே ஒரு ஒகோனோமியாகியில் அடங்கிவிடும். அதைச் சிக்கலில்லாமல் நடத்திக் காட்டிய ஆளுக்கு அந்தக் குழு ஓட்டுப் போடும்.

எனவே நில்லுங்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பதவிக்கு நில்லுங்கள். தலைவர் பதவி இந்த வருடம் வேண்டாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தலைவர்தான் குழுவின் முகம். உள்ளே இருப்பது வேறு வேலை: யூனியனுக்குப் படிவம் அனுப்புவது, செலவுக்குக் கையெழுத்துப் போடுவது, உறுப்பினர் இருவருக்குள் மனக்கசப்பு வந்தால் உட்கார வைத்துப் பேசுவது, யாராவது அத்துமீறி நடந்ததாகப் புகார் வந்தால் அதை உடனே சரியான இடத்துக்குக் கொண்டுபோவது. நிகழ்ச்சிகளைத் தொட அவருக்கு நேரமே கிடைக்காது. உங்களுக்கோ செய்ய ஆசைப்படுவது நிகழ்ச்சிகள்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஜப்பானிய மொழிப் பட்டப்படிப்பு மாணவர்கள் ஒரு வருடம் ஜப்பானில் படித்துவிட்டு வருவார்கள். சில பல்கலைக்கழகங்களில் அது இரண்டாம் ஆண்டு, சிலவற்றில் மூன்றாம் ஆண்டு. அதனால் இந்தக் குழுக்களுக்கு என்றே ஒரு பிரச்சினை உண்டு. மொழியும் தெரிந்து ஓரளவு அனுபவமும் வந்தவர்கள், பொறுப்பேற்கும் வேளையில் கியோட்டோவிலோ சப்போரோவிலோ இருப்பார்கள். ஜப்பானிலிருந்து இங்கே வரும் பரிமாற்ற மாணவர்களும் ஒரு வருடத்தில், சிலர் அதற்கும் முன்பே, ஊர் திரும்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் இரண்டு வருடம் இங்கேதான் இருக்கப்போகிறீர்கள். மொழிப் பட்டம் படிக்கவில்லை என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்த விஷயத்தில் அதுதான் உங்கள் பலம். இந்த வருடம் நிகழ்ச்சிகளை நடத்துங்கள், அடுத்த மார்ச் தேர்தலில், நான்காம் ஆண்டுக்கான தலைவர் பதவிக்கு நிற்பதைப் பற்றி யோசிக்கலாம். மேனிஃபெஸ்டோவிலும் இதைத் தயங்காமல் ஒரு வரி எழுதுங்கள்: "அடுத்த இரண்டு ஆண்டும் நான் இங்கே இருப்பேன்."

சரி, "நான் ஜப்பானியப் பெண் இல்லையே" என்ற தயக்கம். இந்த நாட்டில் இப்படிப்பட்ட குழுக்களில் பெரும்பாலான உறுப்பினர்கள் ஜப்பானியர் அல்ல. யார் வேண்டுமானாலும் சேரலாம், உறுப்பினர் யாரும் பதவிக்கு நிற்கலாம் என்பதுதான் வழக்கமான விதி. உறுப்பினர் கட்டணம் கட்டியவருக்கு மட்டுமே ஓட்டு என்பதும் பல இடங்களில் விதி. உங்கள் உறுப்பினர் சந்தா காலாவதியாகவில்லையே என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. குழுவில் இருக்கும் நாலைந்து ஜப்பானிய மாணவர்களை எப்போதும் "நீங்கள் சொல்லிக்கொடுங்கள், நீங்கள் யுகாதா உடை கட்டிக் காட்டுங்கள், நீங்கள் சமைத்துக் காட்டுங்கள்" என்று கேட்டே களைப்படைய வைக்கும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அவர்கள் ஆங்கிலம் பழகவும் நண்பர்கள் தேடிக்கொள்ளவும் சில மாதம் வந்தவர்கள். ஒசாகாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பையனுக்குத் தேநீர்ச் சடங்கு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவர்களுக்குப் பிரயோஜனமாக ஒன்று செய்ய நினைத்தால் வாராவாரம் ஒரு மொழிப் பரிமாற்ற மேசை போடுங்கள். முதல் அரைமணி நேரம் ஜப்பானியம், அடுத்த அரைமணி ஆங்கிலம், நேரத்தைக் கறாராகப் பார்த்துக்கொள்ள ஒருவர். இதற்குச் செலவே இல்லை, அக்டோபரில் தொடங்கினால் வருடம் முழுக்க ஓடும்.

இப்போது உங்கள் திட்டத்தின் மையத்துக்கு வருகிறேன். "அனிமே கூட்டமாகிவிட்டது, உண்மையான கலாசாரத்தைக் கொண்டுவருவேன்" என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இதை ஓட்டுக்காக மட்டும் சொல்லவில்லை, அது நியாயமும் அல்ல. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் அனிமே, மாங்கா, வீடியோ கேம் வழியாக ஜப்பானுக்குள் நுழைந்தவர்களாக இருப்பார்கள். அவர்களில் சிலர் அதே ஆர்வத்தில் சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த கான்ஜி எழுத்துகளைப் படிக்கத் தொடங்கி, பிறகு வருடக்கணக்காக விடாமல் படிப்பவர்கள். அனிமேயும் ஜப்பானிய மக்கள் இன்று உண்டாக்கி, பார்த்து, பேசுகிற கலைதான். ஷோடோ மேல், அனிமே கீழ் என்று நீங்கள் தரம் பிரித்தால், பிடித்த ஒன்றைத் தேடி வெட்கத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதலாண்டு மாணவர் அடுத்த வாரம் வரமாட்டார். அனிமே இரவு அதன்பாட்டுக்கு இருக்கட்டும், அதன் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள்.

அனிமே இரவைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. ஒருவருடைய சொந்த ஸ்ட்ரீமிங் கணக்கை வைத்து, அறை நிறைய உறுப்பினர்களுக்குப் படம் போடுவதற்குச் சட்டப்படி அனுமதி இல்லை. பொதுத் திரையிடலுக்குத் தனி உரிமம் வேண்டும். யூனியனிடம் அப்படி ஏதாவது உரிமம் இருக்கிறதா, அதில் எந்தெந்தப் படங்கள் அடங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே திரையிடல் பற்றி வாக்குறுதி தர வேண்டும்.

மேனிஃபெஸ்டோவில் என்ன எழுதலாம் என்றால், தேதி எழுதுங்கள். ஜப்பானியப் பண்டிகை நாட்காட்டியைப் பிரிட்டிஷ் கல்வியாண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய பண்டிகைகள் பலவும் விடுமுறையில் போய் விழுவது தெரியும். புத்தாண்டு கிறிஸ்துமஸ் லீவில் வருகிறது. முன்னோரை நினைவுகூரும் ஓபோன் ஆகஸ்டில். ஜூலை 7, நட்சத்திரத் திருவிழாவான தனபாத்தா வரும்போது ஹாஸ்டலே காலி. செர்ரி மரங்கள் பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரலில் பாதிப்பேர் ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இதைக் கவனிக்காமல் "எல்லாப் பண்டிகையும் கொண்டாடுவோம்" என்று எழுதுபவர்கள் நவம்பரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். டெர்முக்குள், அதாவது வகுப்பு நடக்கும் பருவத்துக்குள், விழுவது எது என்று பாருங்கள். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் த்ஸுகிமி, அதாவது இலையுதிர்கால நிலாப் பார்க்கும் இரவு, புது உறுப்பினர்களை வரவேற்க அருமையான சாக்கு. அரிசிமாவு உருண்டைகளைச் சேர்ந்து பிடிக்கலாம், ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போனாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நவம்பர் 3 ஜப்பானில் கலாசார தினம், பொது விடுமுறை. பிப்ரவரி 3, சில வருடங்களில் 2, செத்ஸுபுன். வறுத்த சோயா பயறை வீசி "ஓனி வா சோத்தோ, ஃபுக்கு வா உச்சி" என்று பேயை வெளியே விரட்டி, நல்லதை உள்ளே அழைப்பார்கள். அப்புறம் தன் வயதுக்குத் தக்க எண்ணிக்கையில் பயறு தின்பது வழக்கம். சத்தம், சிரிப்பு, செலவு குறைவு, மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பண்டிகை கிடையாது. கம்பளம் விரித்த அறையைத் தவிர்த்துவிடுங்கள், சோயா ஒவ்வாமை உள்ளவர்களை முன்கூட்டியே கேளுங்கள். மார்ச் 3 ஹினாமட்சுரி, பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா. தனபாத்தாவை விடமுடியாது என்றால், தேர்வு முடிந்த ஜூனிலேயே மூங்கில் கிளை கட்டி, வண்ணத் தாளில் வேண்டுதல் எழுதித் தொங்கவிட்டு, அதையே வருடக் கடைசிச் சந்திப்பாக வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிலேயே புகழ்பெற்ற செண்டாய் தனபாத்தா நடப்பது ஆகஸ்டில்தான், தேதி நகர்வது ஒரு குற்றமில்லை.

இத்தனையையும் எழுதச் சொல்லவில்லை. மூன்று போதும். மூன்றுக்கும் தேதி, இடம், ஏறக்குறையச் செலவு.

ஷோடோவை அந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள் என்பேன். புத்தாண்டில் முதல்முறை தூரிகை எடுத்து எழுதும் காகிஸோமே, மரபுப்படி ஜனவரி 2. நீங்கள் ஜனவரியில் டெர்ம் திறந்த முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம், தேர்வு இருந்தால் அது முடிந்த மறுநாள். எப்படி நடத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்தில் இதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தூரிகை, தாளுக்கு அடியில் விரிக்க ஒரு கருப்பு ஃபெல்ட் துணி, தாள் நகராமல் பிடிக்க ஒரு பாரம். தாள் ஹன்ஷி என்ற மெல்லிய வகை, ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரிது. பயிற்சிக்கே ஆளுக்குப் பத்து தாள் தீர்ந்துவிடும், குறைத்து வாங்காதீர்கள். மையைப் புட்டியாகவே வாங்கலாம், கட்டி மையை உரைக்க நேரம் போதாது. அந்த மை துணியில் பட்டால் போகாது. மேசை முழுக்கச் செய்தித்தாள் விரியுங்கள், பழைய சட்டை போட்டு வரச்சொல்லி அறிவிப்பிலேயே எழுதுங்கள், தூரிகை கழுவ எந்தத் தொட்டி என்று கட்டடப் பொறுப்பாளரிடம் முதலிலேயே கேளுங்கள். ஒரு தடவை மை கொட்டினால் அந்த அறை உங்கள் குழுவுக்குத் திரும்பக் கிடைப்பது கஷ்டம். இன்னும் எளிதாக வேண்டுமென்றால், தண்ணீர் தொட்டு எழுதினால் கருப்பாகத் தெரிந்து காய்ந்ததும் மறைந்துவிடும் பயிற்சித் துணிகள் கிடைக்கின்றன. வந்தவர்கள் முதலில் அதில் பழகிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தாளில் மையால் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். இதுவரை தூரிகையே பிடிக்காத ஒருவர் தன் எழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மை காயும்வரை நகராமல் நிற்பதைப் பார்ப்பதற்காகவே இந்த நிகழ்ச்சியை நடத்தலாம்.

தேநீர்ச் சடங்கு அப்படியில்லை. அதைப் பல வருடம் முறையாகக் கற்றவர்கள்தான் செய்ய வேண்டும், அதிகம் பேர் ஒரே நேரத்தில் உட்காரவும் முடியாது. உராசென்கே என்ற தேநீர் மரபுக்கு லண்டனில் கிளை இருக்கிறது. 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போய்த் திரும்பியவர்கள் பிரிட்டன் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னாள் பங்கேற்பாளர் சங்கமும் உண்டு. உங்கள் ஊர்ப் பக்கத்தில் யாராவது கற்றவர் இருக்கிறாரா என்று இவர்கள் வழியாகத் தேடுங்கள். வெளியாளை அழைப்பதற்குப் பெரும்பாலான யூனியன்களில் முன்கூட்டியே படிவம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். "இந்த வருடம் விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள், நடத்துவேன் என்று சொல்லாதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு கேள்வி நிச்சயம் வரும். யூனியன் மானியம், உறுப்பினர் சந்தா, நுழைவுக் கட்டணம் இவைதான் முதல் வரவு. இவற்றுக்கு வெளியே 1985இல் நிறுவப்பட்ட கிரேட் பிரிட்டன் சசகாவா ஃபவுண்டேஷன், 1988இல் வந்த டைவா ஆங்கிலோ-ஜப்பானீஸ் ஃபவுண்டேஷன், ஜப்பான் அரசின் ஜப்பான் ஃபவுண்டேஷன் ஆகியவை இரு நாட்டு உறவு சார்ந்த முயற்சிகளுக்கு உதவித்தொகை தருகின்றன. யார் விண்ணப்பிக்கலாம் என்ற விதியை முதலில் படியுங்கள், கடைசித் தேதி நிகழ்ச்சிக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடலாம். எனவே வசந்தத்தில் ஜெயித்தவர் கோடை விடுமுறையிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தற்போதைய பொருளாளரிடம் போன வருடக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறுப்பினர் என்ற முறையில் அதைக் கேட்பதில் தவறில்லை. எந்த நிகழ்ச்சி கையைக் கடித்தது, எது தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது என்று தெரிந்து வைத்துக்கொண்டு பேசுபவருக்கு மேடையில் பதற்றமே வராது.

தோழி விஷயத்தைத் தேர்தலுக்கு முன்பே பேசி முடியுங்கள். இன்றே ஒரு தேநீர் குடித்துக்கொண்டே, "நான் நிற்கப்போகிறேன், உன்னிடம் முதலில் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பேசும்போது அவருக்கு உண்மையில் சமூக ஊடகப் பொறுப்பில்தான் விருப்பம் என்றோ, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வழி இருக்கிறது என்றோ தெரியவரலாம். சில குழுக்கள் ஒரு பொறுப்புக்கு இருவரைத் தேர்ந்தெடுக்க விடுகின்றன, உங்கள் குழுவின் சட்டதிட்டத்தில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல் எதிரெதிரே நின்றாலும் பரவாயில்லை. பல யூனியன்களில் ஓட்டு என்பது ஒரு டிக் அல்ல. 1, 2 என்று விருப்ப வரிசை போடுவது. கடைசியில் இருப்பவர் விலக்கப்பட்டால் அவருடைய ஓட்டுகள் அந்தந்தச் சீட்டின் அடுத்த விருப்பத்துக்குப் போகும். மூன்றாவது ஒருவரும் நின்றால், தோழியின் ஆதரவாளர்கள் உங்களுக்கு 2 போடுவார்களா என்பதே முடிவைத் தீர்மானிக்கக்கூடும். அவரைக் குறைத்துப் பேசும் யாரையும் உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள். சீட்டில் "ரான்" என்று ஒரு பெயர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "நிற்பவர்கள் யாரும் வேண்டாம், வேட்புமனுவை மறுபடி திறங்கள்" என்பதற்கான வாய்ப்பு அது. போட்டியே இல்லாவிட்டாலும் இதோடு போட்டியிட்டுத்தான் ஜெயிக்க வேண்டும். அதனால் தனியாக நின்றாலும் பேச்சைத் தயார் செய்யுங்கள்.

பேச்சுக்கு இரண்டு நிமிடம் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிதானமாகப் பேசினால் ஆங்கிலத்தில் 250 வார்த்தைதான் வரும். அதில் தமிழ்-ஜப்பானிய உறவுக்கு இடம் இல்லை. ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008) பல வருடம் அதைப் பற்றி எழுதினார், அவர் உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஜப்பானிய மொழியைப் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர் எழுந்து அதைக் கேட்டால், உங்கள் மொத்த நேரமும் அதிலேயே போய்விடும். உங்களிடம் அதைவிட நல்ல தொடக்கம் இருக்கிறது. தேர்தல் ஹினாமட்சுரி முடிந்த சில நாளில் வருகிறது. சிவப்புத் துணி விரித்த ஏழு படியில் பேரரசரும் பேரரசியும் உச்சியில், கீழே தோழியர், இசைக்கலைஞர்கள், அமைச்சர்கள், ஏவலர்கள் என்று மொத்தம் 15 பொம்மைகள் அடுக்கிய முழு வரிசையை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கொலு பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்! "எங்கள் ஊரிலும் படி கட்டி பொம்மை வைப்போம், இந்தக் குழுவுக்குள் நான் அப்படித்தான் வந்தேன்" என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், நேராக ஒகோனோமியாகி இரவுக்கு வாருங்கள். என்ன செய்தீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அடுத்த வருடம் எந்த மூன்று நிகழ்ச்சிகள், எந்தத் தேதி.

உச்சரிப்பைப் பற்றி: அந்த அறையில் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், ஜப்பானிய மாணவர்கள் உட்பட. வேகமாகப் பேசும் உள்ளூர்க்காரரைவிட, நிறுத்தி நிறுத்திப் பேசும் உங்களை அவர்களால் எளிதாகப் பின்தொடர முடியும். அவசரப்படாமல் பேசுங்கள், ஒவ்வொரு தேதிக்கும் பிறகு ஒரு மூச்சு விடுங்கள். எழுதிப் படிக்காதீர்கள், உள்ளங்கையளவு அட்டையில் ஐந்து சொல் போதும். கேள்வி நேரத்தில் தெரியாத ஒன்றைக் கேட்டால் "விசாரித்து இந்த வாரத்துக்குள் குழு சாட்டில் போடுகிறேன்" என்று சொல்லி, அப்படியே போட்டுவிடுங்கள்.

ஜெயித்தால் பழைய பொறுப்பாளரை அவர் தேர்வுக்குள் மூழ்குவதற்கு முன்பே பிடியுங்கள். அறை பதிவு செய்யும் கணக்கின் பாஸ்வேர்டு, போன வருட ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்கள், யாரிடம் தாகோயாகி உருண்டை சுடும் குழிச்சட்டி இருக்கிறது என்ற தகவல், இவை மூன்றும் கைக்கு வராமல் அவரைக் கோடை விடுமுறைக்கு அனுப்பாதீர்கள். தோற்றால், காலியான பதவிகளுக்கு அக்டோபரில் இடைத்தேர்தல் நடக்கும் வாய்ப்பு நிறைய, ஜப்பானுக்குக் கிளம்பும் ஆட்களால் இந்தக் குழுவில் அது வழக்கமாகவே இருக்கும். அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். புதிய கமிட்டியிடம் போய், செத்ஸுபுன் இரவை நான் நடத்தித் தருகிறேன் என்று கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள்.